ஆழியாற்றில் வழி விட்டவர்கள்

“…அதனால சொல்றனுங்க. தோத்தா தோத்துட்டுப் போறேன், எனக்கு மட்டும் யாரும் வழி உட்டுராதீங்க!”

ஆழியாறு அணைக்கரையில், கொப்பரை மூட்டை நிறுக்கும் மேடைத் தராசின் மேல் சக்கர நாற்காலியோடு உட்கார்ந்தபடி பூங்கொடி இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் போய்ச் சேர்ந்தேன். படகுப் போட்டி பார்க்கக் காலை ஏழு மணிக்கு ஆர்.எஸ்.புரத்தில் கிளம்பியவன். பொள்ளாச்சிக்கு நாற்பது கிலோமீட்டர். அங்கே பேருந்து மாறினால் இன்னும் இருபத்து நான்கு. ஆனிக் கடைசி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் தகரத்தை வழியெல்லாம் தட்டிக்கொண்டே வந்தது.

ஆளுக்கொரு பாய்மரப் படகு. உடம்பின் எடைக்குத் தக்கபடி சின்னப் பாய், நடுப் பாய், பெரிய பாய். ஒல்லியானவரும் குண்டானவரும் சமமாக ஓட்டத்தான் அந்தத் தராசு. இருக்கை படகின் நடுவில், தாழ்வாக. கயிறும் சுக்கானும் கைக்கெட்டும் இடத்தில். காலுக்கு அங்கே வேலையே கிடையாது.

நடுவர் ரஹீம் பாய், கோட்டைமேட்டில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். “நாற்காலி பதினாறு கிலோ, கழிச்சாச்சு,” என்றார்.

“நாற்காலியக் கழிக்கறீங்க, என்ர தொப்பையக் கழிக்க மாட்டீங்களா பாய்?” என்றார் அடுத்து ஏறக் காத்திருந்த தென்னந்தோப்புக்காரர் பழனிசாமி.

“அது உங்க சொந்தச் சம்பாத்தியமுங்க. கழிக்க முடியாது.”

கரையே சிரித்தது. பூங்கொடியும் சிரித்தார். சூலூரில் மோட்டார் காயில் சுற்றும் பட்டறை வைத்திருக்கிறார். நாற்பதைத் தாண்டிய வயது. தசைகளைத் தின்னும் நோய். கால்களை முடித்துவிட்டு இப்போது விரல்களுக்கு வந்திருக்கிறது.

“அடுத்த ஆனிக்குக் கயிறு புடிக்க வெரலு கேக்காதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாருங்க,” என்றார் என்னிடம். “படகுல உக்காந்துட்டா அல்லாருக்கும் காலு கெடையாது பாருங்க, அதான் எனக்குப் புடிச்சுது. ஒருக்கா நெசமாலுமே போட்டி போட்டுப் பாத்தரணுமுங்க.”

பதினொரு மணிக்கு, விசில் ஊதியதும் தொடக்க மிதவையிலிருந்து நான்கு படகுகள் கிளம்பின. ரஹீம் பாயோடு மோட்டார் படகில் பின்னால் போனேன். தண்ணீர் வற்றி, முழுகிக் கிடந்த மரக்கட்டைகள் கறுப்பாகத் தலை நீட்டியிருந்தன. மலைப்பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு படகுகள் குறுக்கே சந்தித்தால், வலப்பக்கம் காற்று வாங்குகிறவருக்கே வழி. மற்றவர் திரும்ப வேண்டும் என்று ரஹீம் பாய் விளக்கினார். சொல்லி முடிக்கவில்லை, பழனிசாமியும் பூங்கொடியும் எதிரெதிரே வந்தார்கள். வழி பழனிசாமிக்கு. ஆனால் சுக்கானைத் திருப்பியது அவர்தான். கையை வேறு ஆட்டினார்.

“போங்கம்மணி, போங்க!”

“உங்க வழிங்கண்ணா! ஏன் திருப்புனீங்க?”

சுற்றித் திரும்ப வேண்டிய அடுத்த மிதவையிலும் அதே கதை. மற்ற இரண்டு பேரும் பூங்கொடியின் பக்கத்திலேயே வராமல் அகல ஒதுங்கி ஓட்டினார்கள்.

“பந்தியில எடம் உடறாப்பல உடறானுங்க,” என்று ரஹீம் பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

முடிவுக் கோட்டுக்கு இருபதடி இருந்தது. முன்னால் பூங்கொடி. திடீரென்று கயிற்றை விட்டுவிட்டார். பாய் தளர்ந்து படபடத்தது, படகு நின்றது. பின்னால் வந்த மூவரும் அவரைத் தாண்டிப் போய் ஜெயித்திருக்கலாம். அவர்களும் கயிற்றைத் தளர்த்தினார்கள்!

“நீங்க போங்கண்ணா.”

“அட, நீங்க போங்கம்மணி.”

“போங்கன்னு சொல்றனல்லங்க!”

“பரவால்லீங்க, நீங்களே மொதல்ல போங்க.”

கோட்டுக்கு முன்னால் நான்கு பாய்கள் ஈரத்துணிபோல அடித்துக்கொண்டு நின்றன. விசிலை வாயில் வைத்த ரஹீம் பாய்க்கு ஊத ஒன்றுமில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் பூங்கொடியின் முகத்தைப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் பேருந்துப் படியில் கூட ‘நீங்க ஏறுங்க, நீங்க ஏறுங்க’ என்று இரண்டு பேர் நின்று வண்டியையே கோட்டை விடுவார்கள். வெளியூர்க்காரர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த மரியாதை ஒரு மனுஷியின் மேல் இப்படிக் கல்லாக விழும் என்று இருபதடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் வரை எனக்குத் தெரியாது.

“உங்க மனசு நோகக் கூடாதுன்னுதானுங்க அம்மணி,” என்றார் பழனிசாமி, மெதுவாக.

“செத்ததுக்கப்புறம் பாவம் பாத்துக்கலாமுங்கண்ணா. இன்னிக்கு வேண்டாம்.”

பூங்கொடி கயிற்றை எடுத்தார். விரல்கள் மூடவில்லை, நழுவியது. மறுபடி எடுத்தார்; மறுபடி நழுவியது. பழனிசாமி தன் படகிலிருந்து கையை நீட்டினார். அந்தக் கையைப் பூங்கொடி பார்க்கவே இல்லை. குனிந்து கயிற்றைப் பல்லால் கவ்வி இழுத்தார். பாய் விம்மியது. கோட்டைத் தொடாமல் படகைத் திருப்பி, கிளம்பிய மிதவைக்கே போய், படகின் மூக்கை எங்கள் பக்கமாக வைத்துக்கொண்டு மறுபடி விசிலுக்குக் காத்திருந்தார்.