வூட்ல இருக்கறது இன்னாச்சு?

“வூட்ல இருக்கறது இன்னாச்சு?” என்று கேட்டபடியே காஜா மைதீன் குடத்தை அலமாரியிலிருந்து இறக்குகிறார். வாங்க வந்த பெண் விழிக்கிறாள்.

“நசுங்கிப் போச்சு பாய்.”

“தண்ணி ஒழுவுதா?”

“இல்ல.”

இறக்கிய குடம் மறுபடி மேலே ஏறுகிறது. “எடுத்துக்கினு வா, தட்டித் தரேன்.”

சின்னசேலம் கடைவீதியில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்துக்கொண்டு இப்படி வியாபாரம் செய்கிறவர் அவர் ஒருவர்தான். எதிரே கண்ணாடிக் கதவு போட்ட புதுக்கடை வந்து, மிக்சியும் டிவியும் தவணையில் போய்க்கொண்டிருக்கிற காலம். கடைக்குப் பின்னாலேயே வீடு. “யாவாரம் பண்ண ஒக்காந்தீங்களா, பள்ளிவாசல்ல மாதிரி பயான் பண்ண ஒக்காந்தீங்களா?” என்று மனைவி அஸ்ரப் நிஷாவின் குரல் வரும். அவர் சிரித்துக்கொள்வார். மதியம், கூட்டம் நின்றாலும் சரி, கதவைப் பாதி இழுத்துவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் சாப்பாடு. “இப்பல்லாம் வூட்ல சாமான் ஜாஸ்தி, பேச்சு கம்மி” என்பது அவருடைய தீராத வருத்தம்.

போன தை மாதம் நைனார்பாளையத்திலிருந்து கூலிவேலை செய்யும் பொன்னுரங்கம், மகள் செவ்வந்தியோடு வந்தார். கல்யாணச் சீர். அண்டா, தவலை, குடம் என்று அடுக்கிக்கொண்டே போனவர், இதற்காகக் கறவை மாட்டை விலைபேசிவிட்டதாகவும் சொன்னார்.

காஜா மைதீன் கையிலிருந்த அண்டாவைக் கீழே வைத்தார். “மாப்ள வூட்ல கேட்டாங்களா?”

“கேக்கல பாய். எங்க தெரு அம்மாசி, மவளுக்கு வண்டி நெறைய சாமான் அனுப்பினான். நான் கொறைச்சா ஊரு சிரிக்குமே.”

“ஊரு ஒரு நாளு பாக்கும், மறந்துடும். அண்டா பரண்ல ஏறிக்கும். மாடு போனா போனதுதான். பாப்பா, உனக்கு இன்னாம்மா வேணும்?”

அதுவரை அவளை யாரும் கேட்டதில்லை. தாவணி நுனியைத் திருகிக்கொண்டு நின்றவள் மெல்லச் சொன்னாள்: “மாட்ட விக்க வேணாம். அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. அதுவாச்சும் எங்கூட வரட்டும்.”

பொன்னுரங்கத்தின் முகம் கறுத்தது. “சாமான் கேட்டா சாமான் குடு பாய். என் குடும்பத்துல நுழையாத” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்க்கடைக்கு நடந்தார். செவ்வந்தி நகரவில்லை. கண்ணாடிக் கதவில் கை வைத்தவர் திரும்பிப் பார்த்தார். மகள் அழுதுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் வெயிலிலேயே நின்றார். பிறகு வந்து கடைப்படியில் உட்கார்ந்து, “கன்னுக்குட்டில இருந்து அத வளத்தவ அவதான்” என்றார், யாருக்கோ சொல்வதுபோல. அஸ்ரப் நிஷா உள்ளேயிருந்து எல்லோருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள்.

மாடு செவ்வந்தியோடு போவதென்று முடிவாயிற்று. அன்று விற்றது ஒரு குடமும் பால் கறக்க ஒரு செம்பும்தான். சீர்ப் பாத்திரத்தில் கொடுக்கிறவர் பெயரை வெட்டுவதே வழக்கம். காஜா மைதீன் யாரையும் கேட்கவில்லை. பெயர் வெட்டும் மெஷினை எடுத்து, செம்பின் கழுத்தில் ‘செவ்வந்தி’ என்று வெட்டினார். தூளை ஊதி, சட்டை நுனியால் துடைத்தார். வாங்கிக்கொள்ள நீண்ட பொன்னுரங்கத்தின் கையைத் தாண்டி, செம்பை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.