கடைசியாகச் சேமித்தவர்: தீர்த்தகிரி

இது நடந்தது. நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை. ஓசூரில் எங்கள் பழைய கம்பெனியின் மாடிக்குப் போய், மின்சாரம் இல்லாத ஒரு நாளில், அந்த டிசைன் ரூமில் பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்து பேசுங்கள். கம்பெனி பெயரை மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். பேயைவிட எனக்கு அவர்களிடம்தான் பயம்.

போன வருடம். என் பெயர் மேகலா. ராயக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். தகடு வெட்டி வளைக்கும் ப்ரெஸ் டூல்களைக் கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. சேர்ந்த அன்றே மேனேஜர் வெங்கட் எனக்கு மேஜையில் ஒரு டெஸ்க்டாப்பும், வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு லேப்டாப்பும் கொடுத்தார். பெருமையாக இருந்தது. சாப்பாட்டில் கை வைக்கும்போது "அந்த ஃபைல கொஞ்சம் பாரு" என்று போன் வர ஆரம்பித்த பிறகுதான் லேப்டாப் எதற்கு என்று புரிந்தது. கட்டிப்போட்ட கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டுமே எனக்கு முன்னால் அங்கே இருந்த தீர்த்தகிரி என்பவர் வைத்திருந்தவை. "வேலைய விட்டுட்டாரு" என்றார் வெங்கட். அவரைப் பற்றி வேறு யாரும் வாய் திறக்கவில்லை. டெஸ்க்டாப்பில் இன்னும் அவர் பெயரில்தான் லாகின் இருந்தது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுச் சலித்துவிட்டேன். அதனால் டெஸ்க்டாப்பில் எதைச் சேமித்தாலும் 'கடைசியாகச் சேமித்தவர்: தீர்த்தகிரி' என்று காட்டும். லேப்டாப்பில் சேமித்தால் என் பெயர். ஆபீஸ் நெட்வொர்க்கில் லேப்டாப்பை இணைத்ததும் ஒரு சாஃப்ட்வேர் இரண்டிலும் உள்ள ஃபைல்களை ஒப்பிட்டுப் பார்க்கும். எது புதியதோ, அது பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும். அந்தக் கம்பெனியில் மனிதர்களுக்கும் அதே சட்டம்தான்.

பிரச்சினை தீர்த்தகிரி வரைந்த ஒரு டூலில் ஆரம்பித்தது. அதன் முன்பக்கம் கை உள்ளே போகாதபடி ஒரு தகட்டு மறைப்பு வைத்திருந்தார். கார்டு என்போம். கார்டு இருந்தால் தகட்டைப் பார்த்துத் தள்ள வேண்டும், நேரமாகும், எண்ணிக்கை குறையும். அதனால் கீழே மிஷின்கள் ஓடும் ஷாப்பில் அதை எப்போதோ கழற்றி மூலையில் வீசிவிட்டார்கள். இப்போது கஸ்டமர் ஆடிட் வருகிறது.

"டிராயிங்ல இருக்கிற கார்டு டூல்ல எங்கன்னு கேப்பாங்க. டிராயிங்ல இருந்து அத எடுத்துடு" என்றார் வெங்கட்.

"கார்ட டூல்ல மாட்டிடலாமே சார்?"

"உனக்கு வேல வேணுமா, வேணாமா? திங்கக்கெழமைக்குள்ள முடி. இல்லன்னா வராத."

வேலை வேண்டும். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்குவது நான் ஒருத்திதான். ஆனால் அந்த ப்ரெஸ்ஸை ஓட்டுவது கங்கப்பண்ணா. அந்தக் கம்பெனியில் "சாப்ட்டியாம்மா" என்று என்னைக் கேட்கும் ஒரே ஆள். கார்டு இல்லாத அந்த டூலுக்குள் நாள் முழுக்கக் கை விட்டு விட்டு எடுப்பவர் அவர்தான். டிராயிங்கிலும் கார்டு போய்விட்டால், அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது.

மனசைக் கல்லாக்கிக்கொண்டு வியாழக்கிழமை லேப்டாப்பில் கார்டை எடுத்தேன். வெள்ளிக்கிழமை ஆபீசில் அதே லேப்டாப்பை இணைத்துத் திறந்தால் கார்டு இருந்தது. மறுபடி எடுத்தேன். சனிக்கிழமை மறுபடி இருந்தது. கடைசியாகச் சேமித்தவர்: தீர்த்தகிரி. அந்த வாரம் அந்த ஃபைலை நான் டெஸ்க்டாப்பில் தொடவே இல்லை. டெஸ்க்டாப்பின் கடிகாரம் முன்னால் ஓடினால் இப்படிப் பழையது புதியதை விழுங்கிவிடும். கடிகாரத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது.

"ரெண்டு மிஷின வச்சு மேய்க்கத் தெரியல உனக்கு" என்று வெங்கட் எல்லார் முன்னாலும் கத்தினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பராமரிப்பு வேலை என்று சிப்காட் தொழிற்பேட்டை முழுக்க மின்சாரம் கிடையாது, மாலை ஐந்துக்குத்தான் வரும் என்று மெசேஜ் வந்திருந்தது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். டெஸ்க்டாப் ஓடாது. நெட்வொர்க் இருக்காது. என் ஃபைலை எதுவும் தொட முடியாது. டிராயிங்கை முடித்துப் பென் டிரைவில் போட்டு வெங்கட்டிடம் கொடுத்துவிடலாம். மாடியில் நான். கீழே டூலைத் துடைத்துச் சரிபார்க்கக் கங்கப்பண்ணா. கம்பெனியில் வேறு யாரும் இல்லை.

பக்கத்துக் கம்பெனிகளும் ஓடவில்லை. எந்நேரமும் அதிர்கிற தரை அன்று சும்மா கிடந்தது. ஜன்னலில் நல்ல வெயில். பட்டப்பகல்.

கார்டை எடுத்தேன். சேமித்தேன். மணி 2.31.

லேப்டாப் 'டிங்' என்றது.

'டெஸ்க்டாப்பிலிருந்து ஒரு ஃபைல் புதுப்பிக்கப்பட்டது.'

டெஸ்க்டாப் எனக்குப் பின்னால் இருந்தது. திரை கறுப்பு. அதன் யு.பி.எஸ். செத்து ஆறு மாதம்.

ஃபைலைத் திறந்தேன். கார்டு இருந்தது.

கடைசியாகச் சேமித்தவர்: தீர்த்தகிரி. நேரம்... 2.40.

லேப்டாப் கடிகாரத்தைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன். இரண்டிலும் 2.34.

இன்னும் வராத நேரத்தில் சேமிக்கப்பட்ட ஃபைல்...

டிக்.

பின்னாலிருந்து.

டிக்... டிக்... டிக்.

கீபோர்டில் சத்தமே இல்லை. மவுஸ் மட்டும்.

திரும்பினேன். நாற்காலி காலி. செத்த டெஸ்க்டாப்பின் மவுஸ் அடியில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. மவுஸ் நகர்ந்தது. கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... நின்றது.

எதற்குத் தொட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. தொட்டேன்.

வெதுவெதுப்பு. வேர்வை ஈரம்.

என் விரல்களின் மேல்...

விரல்கள்.

அழுத்தின.

டிக்... டிக்... டிக்.

ஓடினேன். படியில் செருப்பு ஒன்று கழன்றது. நிற்கவில்லை. யாராவது ஒரு ஆள் முகத்தைப் பார்த்தால் போதும் என்றிருந்தது. ஷாப்புக்குள் பாய்ந்தேன்.

கங்கப்பண்ணா ப்ரெஸ் முன்னால் குனிந்திருந்தார். முழங்கை வரை டூலுக்குள்.

"கங்கப்பண்ணா!"

என் கத்தலில் அவர் பதறிப்போய்க் கையை உருவிக்கொண்டு திரும்பினார்.

விளக்குகள் எரிந்தன. மோட்டார் உறுமியது.

தடால்.

அவர் கை இருந்த இடத்தில் ப்ரெஸ் இறங்கி நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

2.40.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். முந்தின நாள் ப்ரெஸ்ஸை இறக்கும் கால் பெடல் அழுந்தியபடியே மாட்டிக்கொண்டதாம், அதை யாரும் எடுத்துவிடவில்லை. மின்சாரமே இல்லாதபோது மெயின் சுவிட்சை எதற்கு அணைப்பது என்று அதையும் விட்டுவிட்டார். அங்கே எல்லோரும் அப்படித்தான்.

"அய்யோ தேவுடா... இதே எடத்துலதாம்மா தீர்த்தகிரி சாரும்..." என்றார். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டாராம். அடப்பாவிகளா என்று இருந்தது.

திங்கட்கிழமை கார்டு உள்ள டிராயிங்கையே வெங்கட் மேஜையில் வைத்தேன். பத்து நிமிடத்தில் என் வேலை போனது. கங்கப்பண்ணா மூலையில் கிடந்த கார்டைத் தேடி எடுத்துத் தன் கையாலேயே மாட்டினார் என்று கேள்விப்பட்டேன். எத்தனை நாள் விட்டு வைப்பார்களோ.

இரண்டு வாரம் கழித்து, கங்கப்பண்ணா கொடுத்த விலாசத்தை வைத்து மத்தூருக்குப் போனேன். தீர்த்தகிரியின் மனைவியைப் பார்த்துவிட்டு வர வேண்டும் போலிருந்தது. துக்கம் கேட்கப் போகும் வீடு என்று பழம்கூட வாங்கவில்லை. கிளம்பும்போது 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்லிவிடக் கூடாது என்று பஸ்ஸிலேயே நினைவுபடுத்திக்கொண்டேன்.

கதவைத் திறந்தது ஒரு ஆண். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"தீர்த்தகிரி சார் வீடு..."

"நாந்தாங்க. உள்ள வாங்க."

அவருடைய வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

உள்ளே உட்கார வைத்தார்கள். அவர் மனைவி ரேவதி டீ போட்டார். தீர்த்தகிரியே சொன்னார். "கார்ட கழட்டிட்டாங்கன்னு கேள்விப்பட்டு கீழ போனேன். கரண்டு இல்ல. உள்ள தகடு மாட்டிக்கினு இருந்துச்சு. எடுத்துடலாம்னு கைய விட்டேன். கரண்டு வந்துடுச்சுங்க. என் மேலதான் தப்புன்னு எழுதி, எடது கையில ரேக வாங்கிக்கினாங்க."

நான் அந்த ஞாயிற்றுக்கிழமையை முழுக்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"கீபோர்டு சத்தம் கேட்டுச்சுங்களா?"

"இல்ல சார். மவுஸ் மட்டும்தான்."

"மூணு கிளிக்கா?"

எத்தனை கிளிக் என்று நான் சொல்லியிருக்கவில்லை.

"எப்பவும் மூணு தடவ சேவ் குடுப்பேங்க. எப்ப கரண்டு போவும்னு தெரியாதே" என்றார். "அந்த ஞாயித்துக்கெழம மத்தியானம் இங்கதான் படுத்திருந்தேன். இல்லாத விரல் எப்பவும் வலிக்கும். அன்னைக்கு வலிக்கல. எதையோ புடிச்சிருந்தாப்புல இருந்துச்சு."

ரேவதி டம்ளரை என் முன்னால் வைத்தார். யாரையும் பார்க்காமல் பேசினார். "கைய எடுத்தாந்தா ஒட்ட வச்சுடலாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. கம்பெனிக்கு ஓடினேன். கேட்ட சாத்திட்டாங்க. உள்ள தேடிப் பாத்துட்டு வந்து, கெடைக்கலன்னு சொல்லிட்டாங்க."

தீர்த்தகிரி இடது கையால் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"அது இன்னும் அங்கதாங்க இருக்குது" என்றார்.