தூளிக் கட்டையில் கருவண்டு

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் கூரைவீடு. அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தபோது, குழந்தைக்குத் தூளி கட்டிய மாங்கட்டையை ஒரு கருவண்டு துளைத்தது. மரத்தூள் கொட்டியது. நான் துடைப்பத்தை ஓங்கினேன்.

"அடிக்காதடி! ஒங்கப்பாதான் பேரனப் பாக்க வண்டா வந்துகீறாரு" என்று அம்மா தடுத்தாள். அப்பா இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஜில்லா போர்டு பள்ளியில் எட்டாவது தேறியவள். அம்மா சொன்னதை நான் நம்பவில்லை. ஆனாலும் விரல் நுழையும் துளையால் அவ்வளவு பெரிய கட்டைக்கு என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் பால் கொடுப்பதற்காக அக்கா குழந்தையைத் தூக்கினாள். வெறும் தூளியை ஒதுக்கிவிட நான் இழுத்தேன். கட்டை இரண்டாக முறிந்து தரையில் விழுந்தது. உள்ளே நீளவாட்டில் குழாய்போலக் குடைந்திருந்தது.

அக்கா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "பேரனப் பாக்க வந்தவரு கட்டைய ஏம்மா தின்னாரு?"

"உசுரோட இருந்தப்ப மட்டும் கைய வெச்சுக்கினு சும்மாவா இருந்தாரு?" என்றாள் அம்மா.

இப்போது எந்தக் கட்டையானாலும் நான் தொங்கிப் பார்த்த பிறகே தூளி கட்டுகிறோம். வண்டுக்காக அம்மா வேலியோரம் ஒரு காய்ந்த கட்டையை நட்டிருக்கிறாள். அது உளுத்துப்போனால் வேறு கட்டை நடுகிறவள் நான்தான்.