எதிர்பார்க்கும் சம்பளம்

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். ஒரு வங்கியின் வாடிக்கையாளர்கள் போன் செய்தால் எடுத்துப் பேசுவது எங்கள் வேலை. மெஷினில் கார்டு மாட்டிக்கொண்டது, ஓ.டி.பி. வரவில்லை, பாஸ்புக்கில் பெயர் தப்பு என்று நாள் முழுக்க வரும். பேசுவது வங்கியின் பெயரில். சம்பளம் கொடுத்தது காண்டிராக்ட் கம்பெனி. பதினோரு மாதம் ஆனதும் வேலை முடிந்ததாக ஒரு கடிதம் தருவார்கள், மறுவாரமே புதிதாகச் சேர்ந்ததாக இன்னொரு கடிதம். புதிதாகச் சேருகிறவர்கள் டிரெய்னி. அப்படியே ஒன்பது வருடம் நான் டிரெய்னியாக இருந்தேன்.

போனில் மட்டும் மேனேஜர். யாராவது கோபத்தில் "உன் மேனேஜரக் கூப்புடு" என்று கத்தினால் ஹெட்செட்டைக் கழற்றிப் பக்கத்து சீட்டுக்கு நீட்டிவிடுவது அங்கே வழக்கம். அசல் மேனேஜர் காலையில் ஒரு சுற்று வந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். எங்கள் வரிசையில் அந்த போன்களெல்லாம் என்னிடம்தான் வரும். கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட எனக்கு வாய் வராது. முகம் தெரியாவிட்டால் எப்படியோ குரல் நிதானமாகிவிடும். "நான் மேனேஜர் பேசறேன், சொல்லுங்க சார்" என்பேன். எதிர்ப்பக்கம் அடங்கிவிடும்.

பக்கத்து சீட்டில் இருந்தவள் பட்டினப்பாக்கத்துப் பெண். பி.காம். என்னைவிட ரொம்பச் சின்னவள். "மூஞ்சிக்கு டிரெய்னி, குரலுக்கு மேனேஜர். உன் தொண்டைக்கு மட்டும் தனியா சம்பளம் கேளுக்கா" என்று கிண்டல் செய்வாள்.

ஆபீஸை வேறு ஊருக்கு மாற்றப் போவதாகப் போன வருடம் அறிவித்தார்கள். அங்கே வர முடியாதவர்கள் கணக்கு முடித்துக்கொள்ளலாம். அதே சமயம் அந்த வங்கியே ஈக்காட்டுத்தாங்கலில் சொந்தமாகப் போன் பிரிவு தொடங்கி ஆள் எடுத்தது. நானும் அவளும் விண்ணப்பித்தோம். பிளஸ் டூ போதும், அனுபவம் இருந்தால் சரி என்றார்கள். பேச்சுத் தேர்வில் தேறிவிட்டேன். நேர்முகம் மட்டும் பாக்கி. எனக்கு நாற்பத்தாறு வயது. இதை விட்டால் இன்னொருவர் கூப்பிடுவார் என்ற நம்பிக்கை இல்லை. அபிராமபுரத்தில் எங்கள் வீட்டு வாடகை என் வீட்டுக்காரர் சம்பளத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். இதில் ஒருமுறை சொல்லிவிடும் சம்பளம்தான் இனி என் சம்பளம் என்று தெரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவள் எனக்கு ஒத்திகை நடத்தினாள்.

"இப்ப எவ்ளோ வாங்கினு கீறன்னு கேப்பாங்க. பதினாலுன்னு சொன்னா அதுக்கு மேல முப்பது பர்சென்ட் போட்டு மூடிடுவாங்க. நீ முந்திக்க. நான் சொல்லிக் குடுத்தத சொல்லு, எவ்ளோ எதிர்பாக்கற?"

"இருபத்திநாலு."

"டிபன் பாக்ஸா உனக்கு வேல தருது? என் மூஞ்சப் பாத்து சொல்லுக்கா."

பார்த்தேன். வாய் திறக்கவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டில் வேறு பாடம். என் வீட்டுக்காரர் தி. நகரில் ஒரு பாத்திரக்கடையில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறார். "எங்க கடையில ஒருத்தன் வாயத் தொறந்து இவ்வளவு குடுன்னு கேட்டதில்ல. பாத்துச் செய்யுங்க அண்ணாச்சின்னு சொல்லிட்டு நிப்போம். பொங்கலுக்கு அவரே பாத்து ஏத்துவாரு. வாயால கேட்டா மரியாதை போயிரும்" என்றார். அவர் சொன்னது எனக்குச் சுலபமாகப் பிடித்துப்போனது. கூச்சப்படுகிறவர்களுக்கு அது வசதியான நியாயம்.

நேர்முகம் ஒரு கண்ணாடி அறையில். எதிரே ஹெச்.ஆர். தம்பி, இருபத்தெட்டு இருக்கும். என் கடிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ஒன்பது வருஷமா டிரெய்னியா மேடம்? இன்னும் டிரெய்னிங் முடியலையா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"இப்ப எவ்வளவு வாங்கறீங்க?"

"பதினாலாயிரம் சார்."

"எக்ஸ்பெக்டேஷன்?"

மேஜையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திநாலு என்ற சொல் தொண்டைவரை வந்தது.

"நீங்களே பாத்துச் செய்யுங்க சார்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "நான் பாத்தா பேங்குக்குத்தான் மேடம் பாப்பேன். நீங்க ஒரு நம்பர் சொல்லுங்க."

"இல்ல சார்... உங்க வழக்கப்படி..."

"ஓகே. நாங்க கால் பண்றோம்."

அன்று சாயங்காலம் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய அரிசியையே திரும்பக் கழுவினேன். லஸ்வரை நடந்து போய்க் கொத்தமல்லிக் கட்டு வாங்கி வந்தேன், வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. "சரியாத்தான சொல்லிருக்க" என்றார் வீட்டுக்காரர். அவர் மேல் கோபம் வந்தது. அவர் என்ன செய்வார், அவருக்கு அண்ணாச்சி இருக்கிறார். எனக்கு அந்தக் கண்ணாடி அறையில் யார் இருந்தார்கள்? அந்தச் சிரிப்பும் உறுத்தியது. அந்த ஹெச்.ஆர். தம்பி சிரித்ததை விட்டுவிடலாம், நான் ஏன் கூடச் சிரித்தேன்?

மறுநாள் மதியம் போன் வந்தது. எங்கள் ஆபீஸில் செல்போனை லாக்கரில் வைக்க வேண்டும். மூடப்போகிற இடம் என்பதால் யாரும் கேட்பதில்லை. எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினேன். கீழே ஜவுளிக்கடைப் பையன்கள் புடவைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், கங்கிராஜுலேஷன்ஸ். உங்கள செலக்ட் பண்ணியாச்சு. பதினெட்டாயிரம் பிக்ஸ் பண்ணிருக்கோம். ஜூனியர் அசோசியேட்."

சரி சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் காதில் போன். எதிரே முகம் இல்லை, சுவரும் படியும்தான்.

"ரொம்ப நன்றி சார். உங்க தரப்பு எனக்குப் புரியுது. நான் இருபத்திநாலு எதிர்பாக்கறேன்."

அவர் எதையோ புரட்டுகிற சத்தம் கேட்டது.

"நேத்து சொல்லவே இல்லையே மேடம்?"

"இப்ப சொல்றேன் சார்."

"பாலிசி இருக்கு மேடம். முப்பது பர்சென்டுக்கு மேல போக முடியாது."

"பாலிசி இருக்கும் சார். அதுக்கு மேல முடிவெடுக்கறவங்க யாராவது இருப்பாங்கல்ல? உங்க மேனேஜர்கிட்ட பேசலாமா?"

வாழ்நாளில் ஆயிரம் பேர் என்னிடம் கேட்டதை முதல் முறையாக நான் கேட்டேன்.

"ஒரு நிமிஷம், அவரே லைன்ல வருவாரு."

காக்கவைக்கும்போது போடுகிற பாட்டு எதுவும் வரவில்லை. போனைக் கையால் பொத்துகிற சத்தம், நாற்காலி நகர்கிற சத்தம், யாரோ அடக்கிக்கொண்ட சிரிப்பு. பிறகு இன்னொரு சின்ன வயதுக் குரல் கனமாக வந்தது. "எஸ், மேனேஜர் ஸ்பீக்கிங்."

பக்கத்து சீட்டுக்காரர்! எனக்குப் பயம் பாதி போய்விட்டது. அந்த இடத்தில் உட்கார்ந்தால் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும். கையில் கொஞ்சம் வைத்திருப்போம். கூப்பிட்டவர் திருப்தியாகிப் போனை வைக்கிற மாதிரி அதில் ஒன்றை எடுத்துக் கொடுப்போம்.

கொடுத்தார். "உங்களுக்காக ஸ்பெஷல் கேஸா அசிஸ்டென்ட் மேனேஜர்னு டெசிக்னேஷன் போட்டுத் தரேன் மேடம். சம்பளம் அதே பதினெட்டு."

அதை நான் எதிர்பார்க்கவில்லை. அசிஸ்டென்ட் மேனேஜர். கார்டில் அச்சடித்து வரும். என் நாத்தனார் வீட்டில் சொல்லலாம். வாடகை வீட்டு ஓனரம்மாவிடம் சொல்லலாம். ஆசையில் எனக்குப் பேச்சு வரவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் பேசாமல் இருந்ததை அவர் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டார். "சரி மேடம், இருபது. ஆனா அசோசியேட்தான். பதவியா, பணமா, எதாவது ஒண்ணு சொல்லுங்க."

பதவிக்கு அரிசிக்கடைக்காரர் அரிசி தரமாட்டார் என்று அப்போதுதான் உறைத்தது.

"இருபத்திரண்டு போடுங்க சார். பேரு என்ன வேணா வெச்சுக்கோங்க. டிரெய்னி மட்டும் வேண்டாம்."

அவர் வேஷம் கலைந்து நிஜமாகவே சிரித்துவிட்டார். "டன் மேடம். லெட்டர் மெயில்ல வரும். சம்பள விஷயம் கான்பிடென்ஷியல், யார்கிட்டயும் டிஸ்கஸ் பண்ணாதீங்க."

சீட்டுக்குத் திரும்பினேன். அவள் ஒரு போனை முடித்துவிட்டுத் திரும்பினாள்.

"இன்னாக்கா, கெட்ச்சிச்சா?"

"கெடச்சிடுச்சு."

"சூப்பர்க்கா! எவ்ளோ?"

அவளுக்கு அதே இடத்தில் வியாழக்கிழமை நேர்முகம்.

"அது... யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு..."

"ஓ. சரிக்கா. உட்டுடு."

திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு கிண்டல் எதுவும் வரவில்லை. கோபமாக ஒரு வாடிக்கையாளர் கத்தியபோதுகூட ஹெட்செட்டை என்னிடம் நீட்டாமல் தானே சமாளித்தாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடியும் எழுந்தேன். கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை. இவள் போய் அதே தொகையைக் கேட்டால் நான்தான் சொன்னேன் என்று தெரியாதா? தெரிந்தால் கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்வார்களா? சொல்லாவிட்டால் இவளுக்கும் பதினெட்டு என்று மூடிவிடுவார்கள். எனக்கு ஒரு தொகையை யோசித்துச் சொன்னவள் இவள்தான்.

சாயங்காலம் உஸ்மான் ரோட்டுக் கூட்டத்தில் அவள் விறுவிறுவென்று முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இருபத்திரண்டு. பதினெட்டுல ஆரம்பிப்பாங்க. மேனேஜர்னு ஒருத்தர் லைன்ல வருவாரு, பயப்படாத, அவர் பக்கத்து சீட்டு. பெரிய பதவி தரேம்பாரு. பேசாம இரு, ஏத்துவாரு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயாக்கா பேசுன?"

"நான்தான்."

"அப்ப நான் இருபத்தாறு கேக்கறேன். எனக்கு டிகிரி கீது."

"கேளு."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "யக்கா, இருபத்திரண்டுக்கா ஒத்துக்கின? இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம்!" என்று கத்தினாள். நிறுத்தத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு இருபத்திரண்டுக்கே கடிதம் வந்தது. அவளுக்கு இருபத்திமூன்று கொடுத்தார்கள். இப்போது ஈக்காட்டுத்தாங்கலில் எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஆயிரம் ரூபாய் என்னை உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். அடுத்த மாதம் சம்பள உயர்வுப் பேச்சு, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவார்களாம். எவ்வளவு கேட்கப் போகிறாள் என்று இந்த வாரமே அவளிடம் கேட்டுவிட வேண்டும்.