பதினெட்டு கிலோ

வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் காளையின் எடையைப் பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடும் மனிதர், தன் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள் மெலிந்துகொண்டே போனதை எப்படிக் காணாமல் இருந்தார்? கொர்ரியெந்தெஸ் மாகாணத்து மாட்டுப் பண்ணைகள் பக்கம் அனக்லேத்தோ ஒகேதாவின் பேச்சை எடுத்தால் இன்றும் இந்தக் கேள்விதான் வந்து நிற்கும். பதில் தெரிந்ததுபோலப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரும் அந்த வீட்டில் வாழ்ந்தவர் இல்லை.

வியாழக்கிழமை மாட்டுச் சந்தையில், தராசுக் கூண்டுக்குள் மாட்டை ஏற்றுவதற்கு முன்னால் ஏலக்காரர் பார்ரியோஸ் அவர் பக்கம் திரும்புவார்.

"என்ன அண்ணே, எவ்வளவு?"

"நானூத்திப் பதினொண்ணு."

அந்த முறை தராசு நானூற்றுப் பதினான்கு காட்டியது. "மூணு கிலோ தப்பிடுச்சே! வயசாகுதோ?"

"தண்ணி குடிச்சுட்டு ஏறியிருக்கு. அந்த மூணு மாடில்லப்பா, வெறும் தண்ணி."

கூட்டம் சிரித்தது. மாடு வாங்க வந்தவர் சிரிக்கவில்லை. மூன்று கிலோவைக் கழித்துக்கொண்டு விலை கேட்டார். தராசு இல்லாத பண்ணைகளில் விற்பவரும் வாங்குபவரும் அனக்லேத்தோவை அழைத்துப்போய், அவர் சொன்ன எடைக்குத்தான் கைகுலுக்குவார்கள். இதை வரம் என்றெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருடம் ஒரே வேலையைக் கவனமாகச் செய்ததன் பலன், அவ்வளவுதான்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சொந்த மந்தைக்கு யாரும் தானே எடை சொல்வதில்லை. நேர்மைக்காக அல்ல. தினமும் பார்க்கிற மாட்டில் கண் நேற்றைய மாட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். முப்பது கிலோ இறங்கினாலும் பிடிபடாது. அதனால் வருடத்துக்கு ஒரு முறை, தன் காளைகளை விற்கும் சமயத்தில், அரை நாள் தூரத்திலிருந்து சிக்ஸ்தோ வெரோனை வரவழைப்பார் அனக்லேத்தோ. சிக்ஸ்தோவும் இதே தொழில், வயதில் இளையவன்.

அந்த வருடம் பிப்ரவரியில் சிக்ஸ்தோ வந்தபோது, அனக்லேத்தோவின் மனைவி எர்மெலிந்தா மாத்தே பானத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கியவன் கண் அவள்மேல் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டது.

"என்ன சிக்ஸ்தோ அப்படிப் பாக்குற? கிழவி ஆயிட்டேனா?"

"இல்லண்ணி, அடுப்புல ரொட்டி வாசம் வருது, அதான்."

"உன் வாய் மட்டும் எந்தப் பஞ்சத்துலயும் மெலியாது."

காளைகளைப் பார்த்து முடித்துத் திரும்பும்போது சிக்ஸ்தோ வாசற்கதவருகே நின்றான். குதிரையில் ஏறவில்லை.

"அண்ணே, காளைங்க சராசரி முந்நூத்தி எண்பது வரும். அது கிடக்கட்டும். அண்ணிய டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?"

"எதுக்கு?"

"போன வருஷத்துக்கு இந்த வருஷம் பதினெட்டு கிலோ குறைஞ்சிருக்காங்க."

"என் பொண்டாட்டி என்ன, சந்தைக்கு வந்த மாடாடா? வாயக் கழுவு."

"எவ்வளவு வேணா திட்டுங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க."

அனக்லேத்தோ வீட்டுக்குள் போனார். எர்மெலிந்தா அடுப்படியில் குனிந்து நின்றிருந்தாள். அடுத்தவர் பண்ணை மாட்டைப் பார்ப்பதுபோல அவளைப் பார்க்க முயன்றார். முடியவில்லை. எப்போதும்போல எர்மெலிந்தாதான் தெரிந்தாள். கொடியில் காய்ந்த அவளுடைய பாவாடையை எடுத்து இடுப்புப் பகுதியைத் திருப்பிப் பார்த்தார். மூன்று தையல்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. ஒவ்வொன்றும் இரண்டு விரல் உள்ளே.

"இது எப்பலருந்து?"

"போன குளிர் காலத்துலருந்து. இடுப்புல நிக்கல, பிடிச்சுத் தச்சேன்."

"வலி இருக்கா?"

"சாப்பிட்டா இருக்கு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். "ஊர் மாட்டுக்கெல்லாம் பாத்ததும் சொல்றவரு நீங்க. தினம் எதிர்லதான உக்காந்திருக்கேன். நீங்களே ஒண்ணும் சொல்லல, அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு நினைச்சேன்."

நகரத்து மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் கட்டியை அறுத்து எடுத்திருக்கலாம் என்றார். அங்கே குளிர்காலம் தொடங்கும் ஜூனில், முதல் உறைபனி விழுந்த வாரத்தில், எர்மெலிந்தா இறந்தாள். சவப்பெட்டியை நான்கு பேர் தூக்க வந்தார்கள். இரண்டு பேரே போதுமாக இருந்தது.

அனக்லேத்தோ தொழிலை விட்டுவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மூன்றாவது வியாழனே அவர் சந்தையில் நின்றார். கேட்டார்கள், சொன்னார், சரியாக இருந்தது. சிலருக்கு அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகஸ்டில் அவர் வேறொன்று செய்தார். வீட்டையும் மந்தையையும் மணமாகாத ஒரே மகள் நெலிதாவிடம் விட்டுவிட்டு, ஒரு பகல் குதிரைப் பயணத்தில் இருந்த பெரிய பண்ணையில் மேற்பார்வை வேலைக்கு ஒப்புக்கொண்டார்.

"இங்க மாடு இல்லையா, வேல இல்லையா?" நெலிதா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா போயிட்டா நானும் வேண்டாமாப்பா?"

"மாசம் ஒரு தடவ வருவேன்."

"விருந்தாளி மாதிரியா?"

அவர் சேணவாரை இறுக்கிக்கொண்டிருந்தார்.

பதினோரு வருடம் அப்படியே வந்தார், மாதத்தின் முதல் ஞாயிறு. ஒரு இரவுக்கு மேல் தங்கியதில்லை. ஒவ்வொரு முறையும் குதிரையிலிருந்து இறங்குமுன், வாசலில் நிற்கும் நெலிதாவைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்ப்பார், அடுத்தவர் பண்ணை மாட்டைப் பார்ப்பதுபோல. அக்கம்பக்கத்தார் கல்நெஞ்சக்காரர் என்றார்கள். நெலிதாவும் அப்படித்தான் நம்பினாள். வீட்டோடு இருந்துவிடுங்கள் என்று அவள் கேட்ட ஒவ்வொரு முறையும் அவர் முடியாது என்று தலையசைத்தார். காரணம் சொன்னதே இல்லை.