ஸ்கேல்காரரின் கடைசி விடுமுறைக் கூட்டம்

ஏரிக் காவலருக்கு ‘ஸ்கேல்காரர்’ என்றே பெயர். பதினெட்டு வருஷமாகத் தூண்டிலில் சிக்கிய மீனையெல்லாம் அளந்து, ஒரு சாணுக்குக் குறைந்தால் திரும்ப விடவைத்தவர். சொந்த மச்சானுக்கும் சலுகை கிடையாது.

இந்த வறட்சியில் ஏரி முழங்காலளவுக்கு வற்றியது. எப்படியும் சாகிற மீன்தானே, அளவு பார்க்காமல் யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வந்தது. உத்தரவு போட்ட மகராசன் ஏரியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று நாள் விடுமுறை வேறு. கூட்டம் வாளியும் சாக்குமாக மொய்த்தது. ஸ்கேல்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏரியின் வேலிக் கதவைத் திறந்துவிட்டார்.

மாலைக்குள் மிதிபட்டு ஏரியே சேறாகிவிட்டது. ஒரு பெண் வாளி நிறைய விரல்நீளக் குஞ்சுகளோடு வந்தாள். பழக்கதோஷம், அவர் கை ஸ்கேலை உருவிவிட்டது.

“இதெல்லாம் சின்னதும்மா. திரும்ப விட்டுடுங்க.”

அவள் திரும்பி ஏரியைப் பார்த்தாள்.

“எங்க சார் விடறது?”