பரீட்சையில் பாஸான பொலித்தீன்

"உங்கட மகள் என்ன தொழில் செய்யிற?"

போன மாதம் என் ராத்தா (அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் கேட்ட கேள்வி. சாதாரணக் கேள்விதான். டொக்டர், டீச்சர், பேங்க்... ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டால் தேத்தண்ணி ஆறுவதற்குள் அடுத்த கதைக்குப் போய்விடலாம். ராத்தா திணறினார். கடைசியில், "டீச்சர் மாதிரி" என்றார்.

ராத்தாவின் மகள் ஷிஃப்னாவுக்கு இந்த 'மாதிரி' பிடிக்காது. அறைக்குள் இருந்தபடியே திருத்தினாள்.

"டீச்சர் இல்ல உம்மா. சுற்றாடலப் பத்தி புள்ளைகள் படிச்சது தலையில மட்டும் நிக்குதா, கைக்கும் வருதா எண்டு பாக்கிற வேல."

மாப்பிள்ளையின் உம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு, அது நிரந்தர வேலையா என்று கேட்டார். இல்லை. ஒரு நிறுவனத்தில் ஒப்பந்த ஆராய்ச்சி உதவியாளர். அந்த நிறுவனத்தின் பாடசாலைத் திட்டம் வெற்றி என்று அவள் அறிக்கை எழுதினால் திட்டம் தொடரும், வேலையும் தொடரும். இல்லாவிட்டால்...? யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழும்பிப் போனார்கள்.

இப்படி ஒரு தொழில் இருப்பது எனக்கே புதிது. சுற்றாடல் கல்வி என்றால் மரம் நடுவது, போஸ்டர் ஒட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்கிறோமே — உதவியதா இல்லையா என்று சட்டியைத் திறந்து பார்க்க யாராவது வேண்டாமா? ஷிஃப்னா திறந்து பார்க்கிறாள். அதுதான் வில்லங்கம்.

திட்டத்தின் பரிசளிப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வயல் நடுவே ஒரு பாடசாலை. ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பிறகு அங்கே யாரும் எனக்கு ஒரு வாய்த் தேத்தண்ணி தர மாட்டார்கள். வருடம் முழுக்கப் பொலித்தீனைப் பற்றிப் பாடம் நடந்திருந்தது. வாய்க்காலில் போட்டால் வயலுக்கு என்ன கேடு, கடலுக்கு என்ன கேடு, குப்பைமேட்டில் மேயும் யானைகளின் வயிற்றுக்கு என்ன கேடு... எல்லாம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முடிவில் வைத்த பரீட்சையில் அத்தனை பேரும் பாஸ். அதிதிகள் கைதட்டினோம்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு முன்னர் எல்லாம் முடிய வேண்டும் என்ற அவசரம். வெள்ளியில் விழா வைத்தால் எங்கள் ஊர்களில் என்ன நடக்கும்? பேச்சு சுருங்காது, சாப்பாடுதான் சுருங்கும். ஆளுக்கொரு பிரியாணிப் பார்சல். லஞ்ச் ஷீட் என்கிற மெல்லிய பொலித்தீன் தாளில் சுற்றி, சொப்பிங் பேக்கில் போட்டு, 'பொலித்தீனை ஒழிப்போம்' பேனருக்குக் கீழேயே விநியோகித்தார்கள்.

பிள்ளைகள் வாய்க்கால் கட்டில் வரிசையாக இருந்து சாப்பிட்டார்கள். கையைக் கழுவினார்கள். கழுவிய கையோடு லஞ்ச் ஷீட்டுகளையும் தண்ணீரில் விட்டார்கள். வெள்ளை வெள்ளையாய் வயலைப் பார்த்துப் போயின.

முதலாம் பரிசு வாங்கிய பிள்ளை மட்டும் போடவில்லை. ஒரு கையில் சான்றிதழ், மறு கையில் எண்ணெய் வழியும் ஷீட். ஷிஃப்னாவிடம் வந்து நின்றது.

"அப்ப இத எங்க போடுற மிஸ்?"

ஷிஃப்னா சுற்றிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த வளவில் ஒரு குப்பைவாளிகூட இல்லை.

வரும் வழியில் த்ரீவீலில் ஷிஃப்னாவிடம் நான்தான் கதைத்தேன். ராத்தா எனக்குத் தந்திருந்த வேலை அது: எப்படியாவது 'திட்டம் வெற்றி' என்று அவளை எழுதவைப்பது. எல்லாரும் பாஸானது பொய்யில்லையே, அதை எழுது, வேலை நிலைக்கட்டும், கலியாணமும் கூடட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றேன்.

"நான் அப்பிடி எழுதினா அடுத்த வருசமும் அதே பாடம், அதே பார்சல்தான் சாச்சி. அந்தப் புள்ள கேட்டதுக்கு யாரு பதில் சொல்ற?"

அந்த நிமிடத்திலேயே நான் கட்சி மாறிவிட்டேன். ராத்தா, மன்னித்துக்கொள்.

ஆனால் குறை சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறவள் இல்லை அவள். அதே பிள்ளைகள், அதே வாய்க்கால் கட்டு, இன்னொரு சாப்பாடு. நாள் மட்டும் வேறு, புதன்கிழமை — ஆறுதலாக இருந்து சாப்பிட. பள்ளிவாசல் ஸ்டோரில் கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் வைத்திருக்கும் சஹன்களைக் கேட்டு வாங்கினாள். தாய்மார் சமைத்தார்கள். ஒரு பெரிய தட்டு, சுற்றிவர ஐந்தாறு பேர்... நம் ஆட்களுக்கு இதைச் சொல்லியா கொடுக்க வேண்டும்? அன்று பாடம் இல்லை, பரீட்சை இல்லை, பேனரும் இல்லை. சாப்பிட்டு முடிந்ததும் வாய்க்காலைப் போய்ப் பார்த்தோம். தண்ணீர்தான் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு நாளையும் உள்ளபடி அறிக்கையில் எழுதினாள். படித்தது கைக்கு வரவில்லை. வருவதற்கு நாம் வழி வைக்கவில்லை. வழி வைத்த அன்று வந்தது. மேலதிகாரி போன் பண்ணினார். வெள்ளிக்கிழமைப் பகுதியை எடுத்துவிடும்படி நயமாகத்தான் கேட்டார். எடுக்க மாட்டேன் என்றாள். இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது.

அழுதாள். ஓம், நன்றாகவே அழுதாள். அடுத்த நாள் காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு கெம்பஸுக்குப் போய், இதே கேள்வியை வைத்து மேற்படிப்பு ஆய்வு செய்ய விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தாள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை இந்தத் துறைக்குப் போகிறேன் என்றால் 'அது என்ன வேலை' என்று தாராளமாகக் கேளுங்கள். பதில் முடியும் வரைக்கும் இருந்தும் கேளுங்கள். கஷ்டமான தொழில்தான். 'எல்லாம் வெற்றி' என்று எழுதுபவர்களுக்கு இருக்கிற கதிரை, 'இல்லை, இன்னும் ஒரு தரம் செய்து பார்ப்போம்' என்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. அதனாலேயே இவர்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

நேற்று கலியாண புரோக்கர் ராத்தாவுக்குப் போன் எடுத்தார். பெண்ணின் வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று மாப்பிள்ளை வீட்டில் திரும்பவும் கேட்கிறார்களாம். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ராத்தா இந்தத் தரம் திணறவில்லை.

"வேல நிரந்தரமில்லதான். என்ட புள்ள ஒண்டச் சொன்னா சொன்னதுதான். விருப்பமெண்டா வரச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். சாப்பாடு சஹனில். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார் — வரும்போது லஞ்ச் ஷீட் கொண்டுவராமல் வந்தால் போதும்!